சத்தத்தை நிறுத்திப் போட்ட விமானிப் படம்

எனக்கு யார் மேலும் சட்டென்று நம்பிக்கை வராது. காய்காரி நிறுத்துக் கொடுத்த கத்தரிக்காயை வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பூச்சி ஓட்டை தேடுகிற ஆள் நான். பால்காரன் சிரித்தால் இன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்று நினைப்பேன். இவள் தறி வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கக் கூடாது, போலீஸ் ஸ்டேஷனில் வாழ்க்கைப்பட்டிருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லட்டும். அவரைப் போல எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தால் எங்கள் வீட்டில் உலை கொதித்திருக்காது.

அப்படிப்பட்டவள் தன் ஒரே மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் மறைக்கவேண்டிய விஷயம் ஒன்று எங்கள் பக்கத்திலேயே இருந்தது.

என் மகளுக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் காய்ச்சல் வந்து காதில் சீழ் வைத்தது. சித்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காய்ச்சல் இறங்கியது, சீழும் நின்றது, அதோடு அந்தக் காதில் கேட்பதும் நின்றுபோயிருக்கிறது. வேறு ஊராக இருந்தால் உடனே தெரிந்திருக்கும். நகரியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. விடிந்ததும் பிடித்துக்கொள்ளும் சத்தம் கரண்ட் போனால்தான் ஓயும். பக்கத்தில் நிற்கிறவரிடம்கூடக் கத்தித்தான் பேசுவோம். ஷெட்டுக்குள் கத்தியும் பிரயோசனமில்லை. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வோம், மிச்சத்துக்குக் கை இருக்கிறது. இந்தத் தெருவில் ஒரு குழந்தை கூப்பிட்டதற்குத் திரும்பாவிட்டால் தறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பெற்ற நானும் அப்படித்தான் நினைத்தேன். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா கூப்பிட்டு, "மீ பாப்பகி ஒக செவி வினபடது" என்று சொன்னபோது, என் பிள்ளைக்கா காது கேட்காது என்று அவளோடு தெலுங்கிலேயே சண்டைக்குப் போனேன்.

அதனால் அவள் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. பி.காம். படித்தாள். புத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குப் போகிறாள். இடது காதில் என்னைவிட நன்றாகக் கேட்கும்.

முதலில் வந்த வரனிடம் உள்ளதை உள்ளபடி சொன்னோம். சொல்லித்தான் ஆகவேண்டும் என்று என் வீட்டுக்காரர் பிடிவாதம். சொன்னதுதான் தாமதம், பையனுடைய அத்தைக்காரி என் மகளிடம் கையை ஆட்டி ஆட்டி, காபி நீயா போட்டாய் என்று ஊருக்கே கேட்கிறமாதிரி கத்தினாள். என் மகள் சிரித்தபடியே ஆமாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். வைத்த மிக்சர் வைத்தபடி இருக்க அவர்கள் எழுந்து போனார்கள். அதோடு விட்டதா? தரகர் வாயில் விழுந்து, அடுத்து வரவேண்டியவர்கள் வாசலுக்கே வரவில்லை. செவிட்டுப் பெண் என்று பேராகிவிட்டது. அன்றைக்கு என் வயிறு எரிந்த எரிச்சல் இன்றைக்கும் அடங்கவில்லை.

தரகரை மாற்றினேன். இந்தத் தடவை ஒரு சொல் வெளியே போகக் கூடாது என்று அப்பனிடமும் மகளிடமும் சத்தியம் வாங்கினேன். கல்யாணம் நடக்கட்டும், நாலு மாதம் போகட்டும், தெரியும்போது தெரியட்டும், அதற்குள் அவளை அவர்களுக்குப் பிடித்துப்போயிருக்கும் என்பது என் எண்ணம். நடுவில் தெரிந்துபோனால் இந்த வரனும் போய்விடும். கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்து, ஏமாற்றிவிட்டீர்கள் என்று பெட்டியோடு திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டேன்.

புதுத் தரகர் கொண்டுவந்தது திருப்பதி வரன். தமிழ்க் குடும்பம்தான், சித்தூர்ப் பக்கத்திலிருந்து போய்த் திருப்பதியில் வீடு கட்டிக்கொண்டவர்கள். பையனுக்குத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் டயாலிசிஸ் மெஷின் பார்க்கிற வேலை. தகப்பனார் விமானப்படையில் இருந்து ரிட்டயர்டு ஆனவர். சொந்த வீடு, பென்ஷன், கெட்ட பழக்கம் இல்லாத பையன். திருப்பதியில் இவர்களுக்குப் பெண்ணா கிடைக்கவில்லை? எதற்கு நகரித் தறித் தெருவுக்குள் நுழைகிறார்கள்? போட்டோவைக் கையில் வாங்கியபோதே எனக்குள் எழுந்த முதல் கேள்வி இது.

பெண் பார்க்க வந்தார்கள். பெள்ளிச்சூப்புலு என்று அவர்கள் வாயில் அது தெலுங்கிலேயே வந்தது. ஹாலில் நாற்காலிகளை நானே போட்டேன். மகள் உட்காருகிற நாற்காலியின் வலது பக்கம் சுவர். எவர் பேசினாலும் இடது பக்கமிருந்துதான் பேசியாக வேண்டும். பையன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான், தப்பாக ஒன்றும் தெரியவில்லை. தகப்பனார்தான் என் கண்ணை உறுத்தினார். கத்தரித்த மீசை, கசங்காத சட்டை, நிமிர்ந்த முதுகு. பேசுகிறவர் முகத்தை வைத்த கண் வாங்காமல் பார்க்கிற மனுஷர். கண்ணைப் பார்த்தாலாவது பரவாயில்லை, வாயையே பார்த்தார். நான் பல் விளக்கினேனா என்று பார்க்கிறாரா என எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மனைவி அவருக்கு இடது பக்கம் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, நாங்கள் ஒன்று சொல்லி முடித்தால் உடனே அவர் காதோடு எதையோ முணுமுணுத்தாள். வந்த இடத்தில் என்ன குசுகுசு? பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே.

காபி குடித்ததும் அவர் தறியைப் பார்க்கவேண்டும் என்றார். தறியைப் பார்க்கவேண்டும் என்று யாராவது கேட்டால் என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியாது. மகளையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். ஓடுகிற தறிகளுக்கு நடுவே அந்த மனுஷர் என் மகளுக்கு எதிரில் நின்று ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். இன்னொன்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு இன்னொரு பதில் சொன்னாள். வாசலில் நின்ற எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. பிறகு அவளைக் கேட்டதற்கு, நூல் அறுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் என்றாள். அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றாள்.

பையனும் பெண்ணும் மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்சம் பேசிவிட்டு வந்தார்கள். அதன் பிறகு அவர்கள் கிளம்பினார்கள். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க மாட்டோம். காபி, பலகாரம் சரி. சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

இரண்டொரு நாளில் தரகர் வந்து, பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், சீர் செனத்தி என்று எதுவும் கேட்கவில்லை, நகை உங்கள் இஷ்டமாம் என்றார். என் வீட்டுக்காரர் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கோ சந்தேகம் கூடிவிட்டது. ஒன்றும் கேட்காத சம்பந்தியை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. பையனுக்கு ஏதோ இருக்கிறது. இல்லை, அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது. நாம் மறைப்பது போல அவர்களும் மறைக்க மாட்டார்களா?

திருமலைக்கு வேண்டுதல் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். மலை ஏறவில்லை. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் அவர்கள் தெருவில் வாடகைக்கு வீடு தேடுகிறவள் மாதிரி நடந்தேன். இஸ்திரி போடுகிற பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். அவள் அந்த வீட்டைக் காட்டி, மிலிட்டரி சார் வீடு, விமானம் ஓட்டினவர், நல்ல மாதிரி என்றாள். ஆனால் பெல் அடித்தால் அவர் கதவைத் திறக்கவே மாட்டார், அம்மா இருந்தால்தான் துணி வாங்கமுடியும் என்றாள். கதவைத் திறக்காத மனுஷர் யாருக்குப் பயப்படுகிறார்? முனையில் டீக்கடைக்காரர் வேறு மாதிரி சொன்னார். விமானமும் ஓட்டவில்லை, ஒன்றும் ஓட்டவில்லை, அவர் கீழே நின்று ஸ்பானர் பிடித்தவர், கடைக்கு வந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார், கூப்பிட்டால்கூடத் திரும்பாத கர்வம் என்றார். ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னால் நடுவில் பொய் ஒன்று இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்து மாப்பிள்ளை வீடு பார்க்கிற முறை. பெண்ணை அழைத்துப் போகக் கூடாது என்பதால் நானும் வீட்டுக்காரரும் மட்டும் ரயிலில் போனோம். வீடு சுத்தமாக இருந்தது. சுவரில் விமானத்தின் சக்கரத்துக்குப் பக்கத்தில் அவர் நிற்கிற போட்டோ. கேசரியும் காபியும் வந்தன. அந்த அம்மாள் இப்போதும் அவருக்கு இடது பக்கம்தான், இப்போதும் குசுகுசுதான். பேச்சு நாள் பார்ப்பதில் வந்து நிற்கும் என்று நான் காத்திருந்தால், அந்த மனுஷர் எழுந்துபோய் டிவியில் ஒரு பென்டிரைவைச் செருகி, ஒரு படம் போடுகிறேன், பாருங்கள் என்றார்.

சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு யாராவது படம் போடுவார்களா? அதுவும் கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம். போட்டவர் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டார். இங்கிலீஷ் யாருக்குப் புரியப்போகிறது, நானே கதை சொல்கிறேன் என்று எங்கள் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் வாயைப் பார்க்க வசதியாக உட்கார்ந்தார் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

ஏதோ ஒரு தேசத்தில் எப்போதோ நடந்த சண்டையில் விமானம் ஓட்டிய ஒருவருடைய வாழ்க்கைக் கதை அது. நிஜமாக வாழ்ந்தவராம். உழவர் வீட்டுப் பையன். கொல்லையில் நின்று பறவை பார்க்கிறான், விமானம் பார்க்கிறான், ஒருநாள் பட்டாளத்தில் சேர்ந்துவிடுகிறான். தொப்பி வைத்த ஒரு பெண்ணை ரயிலடியில் பார்த்துக் கல்யாணம் செய்துகொள்கிறான். அந்த இடத்தில் நம் மனுஷர் வெட்கப்பட்டுக்கொண்டு, இதைச் சொல்லவேண்டியதில்லை, உங்களுக்கே புரியும் என்றார். பிறகு சண்டை. மேகத்துக்குள் விமானங்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. இவனுடைய விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு குண்டு வெடிக்கிறது. எப்படியோ தரை இறக்கிவிடுகிறான். இறங்கி வந்தவனைத் தோழர்கள் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள், அவன் மட்டும் தன் வலது காதைக் கையால் தட்டித் தட்டிப் பார்க்கிறான்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி வாயைத் திறக்கப் போனார். பேசாமல் இரு என்று அவர் காலை மிதித்தேன்.

அடுத்த காட்சியில் மெடிக்கல். டாக்டர் பின்னால் நின்றுகொண்டு ஒரு கடிகாரத்தை அவன் வலது காதுக்குப் பக்கத்தில் பிடிக்கிறார். இடது காதைப் பொத்திக்கொள்ளச் சொல்கிறார். அவன் பொத்துகிறான், ஆனால் விரலை லேசாகத் தளர்த்திவிடுகிறான். நல்ல காதால் கேட்டுவிட்டு, கேட்கிறது என்று தலையாட்டுகிறான். அங்கே படத்தை நிறுத்தினார் அந்த மனுஷர். திரையில் டாக்டரின் கை, கடிகாரம், அவனுடைய திருட்டு முழி. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "இன்னா பண்றான் பாத்தீங்களா?" என்றார். நான் கேசரித் தட்டை வழித்துக்கொண்டிருந்தேன். அவர் படத்தை நிறுத்தினபடியே வைத்திருந்தார்.

இவருக்குத் தெரிந்துவிட்டதா? பழைய தரகர் இங்கேயும் வந்து ஊதிவிட்டாரா? இல்லை, கதை அவர்கள் பக்கத்துக் கதையா? பையனுக்குத்தான் காது கேட்காதோ? அப்படி நினைத்ததும், சொல்வதற்கு என்ன, எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. சரிக்குச் சரி. யாரும் யாரையும் கேட்கமுடியாது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து சமையலறைப் பக்கம் போனேன். பையன் எனக்கு முதுகு காட்டி நின்று தட்டு துடைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலது பக்கம் போய், உதட்டுக்குள்ளேயே தண்ணி என்றேன். தோ எடுத்தாறேன் அத்தை என்று உடனே திரும்பினான். இடது பக்கம் போய் அதே மாதிரி சர்க்கரை என்றேன். சர்க்கரையா அத்தை என்றான். பாவிப் பையனுக்குப் பாம்புக் காது.

ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டோம். சாப்பிட்டுப் போகலாம் என்று அந்த அம்மாள் கையைப் பிடித்தாள். முடிவாகாமல் எப்படிக் கை நனைப்பது என்று நழுவினேன். சாப்பிட வைத்துச் சிக்கவைக்கப் பார்க்கிறார்கள் என்றும் நினைத்தேன். அந்த மனுஷர் வாசல்வரை வந்து, படம் பாதிதான் ஆகியிருக்கிறது, மீதியைப் பார்க்கவேண்டும் என்றார்.

சொன்னபடி போனும் வந்தது. பேசியது அந்த அம்மாள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மீதிப் படத்தைப் பார்த்துவிட்டு நாள் குறிக்கலாம் என்கிறார் என்றாள். போனை வைத்ததும் எனக்கு வந்ததே கோபம். இவருக்கு வேறு ஒரு பெண்ணும் கையில் இருக்கிறாள், அது படியும்வரை நம்மைப் படம் காட்டி உட்கார வைக்கிறார் என்றேன். என் வீட்டுக்காரர், வேறு பெண் இருந்தால் எதற்குக் கேசரி கிண்டுகிறார்கள் என்றார். அந்த ஆளுக்கு எல்லாமே கேசரிதான். மகளிடம், அந்த மாமா உன்னை வேறு ஏதாவது கேட்டாரா, நினைவுபடுத்திச் சொல்லு என்று துருவினேன். அவள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "படம் நல்லாகீதாம்மா?" என்று கேட்டாள். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் என் வீட்டுக்காரருக்குப் பாடம் சொல்லிக் கூட்டிப்போனேன். நேராகக் கேட்டால் இல்லை என்று சொல்லவேண்டும். முழிக்கக் கூடாது. நான் பேசிக்கொள்கிறேன். அவர், "எத்தினி நாளைக்கு இல்லன்னுவ?" என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். தாலி ஏறுகிறவரை என்றேன்.

இரண்டாவது பாதியும் சத்தமில்லாமல்தான் ஓடியது. காது போனதை அந்த விமானி யாரிடமும் சொல்வதில்லை. பெண்டாட்டிக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது. விருந்தில், தேவாலயத்தில், அதிகாரி வீட்டில், எங்கே போனாலும் அவள் அவனுடைய இடது பக்கம் வந்து நின்றுகொள்கிறாள். மற்றவர்கள் சொல்வதைச் சிரித்தபடியே அவன் காதில் போடுகிறாள். ஊரெல்லாம் அவர்களை இணைபிரியாத ஜோடி என்று மெச்சுகிறது. பிறகு ஒருநாள் ஓடுதளத்தில் தோழன் ஒருவன் வலது பக்கமிருந்து நில், நில் என்று கத்துகிறான். இவனுக்குக் கேட்கவில்லை. விமானம் திரும்புகிறது. தோழனுக்கு ஒரு கால் போகிறது. அதன் பிறகு அந்த மனுஷனே நடந்துபோய் டாக்டர் எதிரில் நின்று தன் காதைத் தொட்டுக் காட்டுகிறான். அவனை விமானத்தில் ஏற்றுவதில்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் போடுகிறார்கள். கரும்பலகைக்கு முன்னால் அவன் வயதாகி நிற்பதோடு படம் முடிந்தது.

கதை சொல்லிக்கொண்டு வந்தவர் அந்தக் கால் போன இடத்தில் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரர் துண்டால் மூக்கைத் துடைத்தார். நான் முதுகை நேராக்கி, இதோ கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"உங்க பொண்ணுக்கு எந்தக் காதும்மா?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. இல்லை என்று அமைதியாகச் சொல்லவேண்டியதைக் கத்திச் சொன்னேன். "யாருண்ணா சொன்னது உங்களுக்கு? எங்க தெருவுல அத்தினி பேரும் வாயைப் பாத்துதான் பேசுவாங்க. அதை வெச்சிக்கினு எம் பொண்ணைச் செவிடுன்றீங்களா?"

அவர் தன் மனைவியின் பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் குனிந்து, நான் சொன்னதை ஒரு சொல் விடாமல், அதிலிருந்த கோபத்தை மட்டும் எடுத்துவிட்டு, அவருடைய இடது காதில் மெதுவாகச் சொன்னாள். நான் என் காதாலேயே கேட்டேன். யாருண்ணா சொன்னது உங்களுக்கு என்பதில் அந்த அண்ணாவைக்கூட அவள் விடவில்லை. அன்றைக்கு என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவள் குசுகுசுத்தது இதைத்தான்.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை.

அவர் சொன்னார். விமானம் ஓட்டியதாகத் தான் யாரிடமும் சொன்னதில்லை, தெருவில் அவர்களாக வைத்துக்கொண்ட பேச்சு அது. ஓட்டுகிறவர்களுக்கு எஞ்சின் முடுக்கிக் கொடுத்தவர் அவர். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வருஷக்கணக்காக நின்று வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதிலும் கிட்டே வந்து சொன்னால்தான் உண்டு. வருகிற மெடிக்கலில் எல்லாம் மறைத்தார். தெரிந்தால் எஞ்சின் பக்கம் விடமாட்டார்கள், ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். அப்போதுதான் கேம்ப்பில் திரை கட்டி இந்தப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். கேட்காத காதை வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். படத்தில் அந்தக் கால் போன இடத்தில் எழுந்து வெளியே போய் இருட்டில் நின்றாராம். மறுநாள் காலையில் டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாராம். ஸ்டோரில்தான் போட்டார்கள் என்றார். சிரித்தார்.

"ஷெட்ல உங்க பொண்ணுகிட்ட குரலே இல்லாம வாயை மட்டும் அசைச்சிக் கேட்டேம்மா. பட்டுனு பதில் சொல்லிச்சு. சரி, தறி வூட்டுப் பொண்ணு, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். அப்பால கரண்ட் போயி தறியெல்லாம் நின்னப்பவும் என் வாயைத்தான் பாத்துச்சு. நான் எப்படிப் பாப்பனோ அப்படி."

அப்படியானால் முதல் நாளே நேராகக் கேட்டிருக்கலாமே, எதற்கு எங்களை இரண்டு தடவை ரயில் ஏற வைத்தீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மாள் அதையும் அவர் காதில் போட்டாள். நீங்களாகச் சொல்வீர்கள் என்று பார்த்தேன், முதல் பாதியில் சொல்லவில்லை, சரி, அடுத்த பாதியையும் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன் என்றார். என் வீட்டுக்காரர் அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

"வலது" என்றேன். சின்னக் குழந்தைக்கு வந்த காய்ச்சல், சித்தூர் ஆஸ்பத்திரி, அந்த அத்தைக்காரி கையை ஆட்டிக் கத்தியது, எல்லாம் சொன்னேன். ஆரம்பித்தால் நிற்கவில்லை. அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் அவர் காதுக்குள் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள். முடித்ததும் அவர், எனக்கும் வலதுதான், எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிடாதீர்கள் என்றார். அந்த அம்மாள் எழுந்து, கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறிப்போகுது என்றாள்.

கை கழுவிவிட்டு வந்து இலையில் உட்கார்ந்த பிறகும் என் புத்தி எங்கே போகும்? பையனுக்கு இது தெரியுமா, அவன் நாளைக்கு எதிர்த்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அந்த அம்மாள் கரண்டியை நிறுத்தி, புருஷனைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தாள். பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில் அவன்தான் எங்களிடம் சொன்னான் என்றாள். அவனுக்கு யார் சொன்னது என்றேன். "உங்க பொண்ணுதான். மொத நாளே, மாடியில. அம்மாக்குத் தெரிஞ்சா பயந்துபூடுவாங்க, அவுங்களா சொல்ற வரிக்கும் எதுவும் கேக்காதீங்கன்னு சொல்லிச்சாம். இவருக்குத்தான் பொறுக்கல."

ஊரை எல்லாம் வேவு பார்த்தேன். இஸ்திரிக்காரியைக் கேட்டேன், டீக்கடையைக் கேட்டேன், பையனின் இரண்டு காதையும் சோதித்தேன். என் வீட்டுக்குள்ளேயே என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தவளை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. ரயிலில் வரும் வழியெல்லாம் வாய்க்குள் வசவு. சத்தியம் செய்துவிட்டு மீறியிருக்கிறாள். அன்றைக்கு அந்தப் பையன் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் கதை என்ன ஆகியிருக்கும்? என் வீட்டுக்காரர் புத்தூர் தாண்டும்வரை பொறுத்துவிட்டு, அவளைத் திட்டாதே என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏண்டி சொன்னாய் என்றேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். தெரிந்துவிட்டதா என்று பயந்த மாதிரி இல்லை. நிம்மதியான மாதிரிதான் இருந்தது.

"மாடியில அவரு என் வலது பக்கம் உக்காந்தாரும்மா. நான் எழுந்து அந்தாண்ட போய் உக்காந்தேன். ஏன் மாறினீங்கன்னு கேட்டாரு. கேட்டாரேன்னு சொல்லிட்டேன். எத்தினி வருசமா எத்தினி எடத்துல மாறி மாறி உக்காந்துக்கினு கீறேன். ஏன்னு கேட்ட மொத ஆளு அவருதான்."

காதில் விழுந்தது மூளைக்குப் போகக் கொஞ்ச நேரம் ஆனது. சொல்லலாம் என்று இவள் அப்பா முடிவு செய்தார். சொல்லக் கூடாது என்று நான் முடிவு செய்தேன். உனக்கு எப்படிடி வேண்டும் என்று இரண்டு பேரும் கேட்டதில்லை. வெந்நீர் வைக்கட்டுமா என்று அவள் எழுந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கல்யாணத்துக்கு நம் தெருவே வரும், அந்தப் பக்கத்துச் சொந்தமெல்லாம் வரும், அவர்களிடம் சொல்லலாமா, வேண்டாமா, நீயே சொல்லு என்றேன்.

கொஞ்சமும் யோசிக்கவில்லை அவள்.

"மைக்ல சொல்லிடும்மா" என்றாள்.